உப்பங்கழிக் கரையிலிருந்து – 14: மிளகுத் தோட்டத்து மாளிகை

ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூருக்குப் பக்கத்தில் எழுந்த காலடிப்பேட்டை நெசவாளர் குடியிருப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதினோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர் கேட்டது ஒரே கேள்வி: “நெசவாளர் வீடு சரி, துரைமார் வீடெல்லாம் என்ன ஆச்சு? எண்ணூரில் வரிசையா பங்களா இருந்ததுன்னு எங்க தாத்தா சொல்வாரே?”

தாத்தா சொன்னது பொய்யில்லை. எண்ணூரில் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில், 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் ஓய்வு பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் அலையில்லாத தண்ணீர், படகு விட வசதி, சாப்பாட்டுக்கு இறாலும் மடவையும். போக்குவரத்துக்கும் கஷ்டமில்லை. பாசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் 1806-இலேயே மெட்ராஸையும் எண்ணூரையும் இணைத்துவிட்டது. தூரம் 11 மைல். பின்னால் வடக்கே பழவேற்காட்டையும் தாண்டி நீண்டு, 1878-இல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது இதுதான். அதில் துரைமார் மட்டும் போகவில்லை. உப்பு, விறகு, கிளிஞ்சல் மூன்றும் படகு படகாய்ப் பட்டணத்துக்குப் போயின. கம்பெனி 1805-இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட பிறகு அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்து உப்பளங்களில் வாரிய ஒவ்வொரு கூடைக்கும் கணக்கு எழுத ஆள் வந்தது. துரை ஓய்வெடுக்க வந்த ஊரிலேயே அவன் கஜானாவுக்கும் வரும்படி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பங்களாக்களைக் கரைத்ததில் முதல் பங்கு ரயிலுக்கு என்பது என் கணிப்பு. நீலகிரி அடிவாரத்துக்கு ரயில் போனதும் கோடைக்கு ஊட்டி கிளம்புவது சுலபமாயிற்று. மெட்ராஸில் தோட்ட வீடுகளின் விலை விழுந்தது. 1882-இல் அடையாற்றங்கரையில் 27 ஏக்கரோடு ஹடில்ஸ்டன் தோட்டத்தைத் தியாசாபிகல் சொசைட்டி மலிவாக வாங்க முடிந்ததற்கு இதுதான் காரணம் என்று சொசைட்டியின் தலைவர் கர்னல் ஆல்காட்டே எழுதியிருக்கிறார். ஊட்டி எளிதான பிறகு எண்ணூர் மணல்திட்டு யாருக்கு வேண்டும்? மீதியைக் கடலும் உப்புக்காற்றும் பார்த்துக்கொண்டன. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994-இல் அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் துறைமுகம் என்று அடுத்தடுத்து வந்தபோது, துரைமார் வீடு எங்கே என்று கேட்கிற நிலையில் இங்கே யாரும் இல்லை. சொந்த வீடு எங்கே என்று கேட்டுப் புதுநகருக்குக் குடிபெயர்ந்தவர்கள் இங்குள்ள ஜனங்கள்.

ஆகவே எண்ணூர் பங்களாவை உங்களுக்குச் சுற்றிக்காட்ட என்னால் முடியாது. ஆனால் அதே குடும்பத்தில் பிறந்த ஒரு வீடு இன்னும் நிற்கிறது. ஒருகாலத்தில் மேற்கூரை போய், இடிந்து, பிறகு மீண்டும் எழுந்து நிற்கிறது. அதைப் பார்க்க வங்காள விரிகுடாவைத் தாண்ட வேண்டும். பினாங்கு தீவில், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் உள்ள சஃபோல்க் ஹவுஸ்.

அதற்கு முன் மெட்ராஸ் தோட்ட வீடு என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள்தான். அதற்குப் பிறகும் வெளியே வீடு வைத்தால் ஹைதர் அலியின் குதிரைகள் வரும். 1769-லும் 1780-லும் வரவும் செய்தன. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் அந்தப் பயம் தீர்ந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக மவுண்ட் ரோடு, அடையாறு பக்கமெல்லாம் தோட்ட வீடுகள் முளைத்தன. பேருக்குத் தோட்டம், உண்மையில் பாதி பண்ணை, பாதி பவிசு. தூண் வைத்த தாழ்வாரம், வண்டி வந்து நிற்க முகப்பு மண்டபம், மாடியில் காற்று புகும் பெரிய கூடம், தள்ளி ஒரு சமையல்கட்டு, லாயம், கிணறு, மாந்தோப்பு. கணக்கு அதிகாரியாக வந்த ஜார்ஜ் மௌப்ரேயின் வீடு இன்று மெட்ராஸ் கிளப். ஜேம்ஸ் பிராடி கட்டிய மாளிகை அரசு இசைக் கல்லூரி ஆனது. வீட்டைக் கட்டிய பிராடி எதிரே ஓடிய அடையாற்றிலேயே படகு கவிழ்ந்து இறந்தார் என்பது தனிக் கதை.

வீடு துரையுடையது என்றாலும் அதன் தோல் நம்முடையது. பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் கரியோடு அடுக்கிச் சுடுவார்கள். சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் போட்டால் குபுகுபுவென்று கொதித்து மாவாக உடையும். அதை மணலோடு சேர்த்து, மாடு பூட்டிய கல் உருளை வட்டக் குழியில் சுற்றச் சுற்ற அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் இடையிடையே ஊற்றுவார்கள். சுவருக்கு முதல் பூச்சு முரட்டுச் சாந்து, அடுத்தது சன்னம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்த மாவுச் சுண்ணாம்பு. ஈரம் காயும் முன்னே வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் பளபளப்பு வராது. பளிங்கு என்று நினைத்துக் கப்பலிலிருந்து இறங்கிய பயணிகள் வியந்து எழுதி வைத்த மெட்ராஸ் சுவர் இப்படி வந்ததுதான். கூரை தட்டையான மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். இந்த வேலையில் கட்டியவன் பெயர் எங்கும் இல்லை. கட்டச் சொன்னவன் பெயர் தெருவுக்கே வைத்தாயிற்று.

இப்போது பினாங்கு. 1786 ஆகஸ்ட் மாதம் பிரான்சிஸ் லைட் என்ற கப்பல் தலைவன் கெடா சுல்தானோடு பேரம் பேசி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தத் தீவில் கொடி நட்டான். சுல்தான் எதிர்பார்த்தது ராணுவப் பாதுகாப்பு. கம்பெனி அதைக் கடைசிவரை கொடுக்கவில்லை. அந்த ஏமாற்று வேலை இந்தத் தொடருக்கு வெளியே இருக்கட்டும். காடு வெட்டிய தீவில் என்ன பயிரிடுவது என்ற கேள்வி வந்தபோது, சீனர்களின் தலைவர் கோ லே ஹுவான் 1790 வாக்கில் அச்சே நாட்டிலிருந்து மிளகுக் கொடிகளைக் கொண்டுவந்தார். லைட்டும் தனக்கென்று ஒரு மிளகுத் தோட்டம் போட்டுக்கொண்டான். இங்கிலாந்தில் தான் பிறந்த மாவட்டத்தின் பெயரைச் சூட்டி அதை சஃபோல்க் என்றான். தோட்டத்துக்கு நடுவே மரத்தாலும் கீற்றாலும் ஒரு வீடு. அவ்வளவுதான் தொடக்கம்.

1794-இல் லைட் காய்ச்சலில் செத்தான். மிளகுத் தோட்டத்தையும் அதிலிருந்த வீட்டையும் தன் வாழ்க்கைத் துணை மார்ட்டினா ரோசெல்ஸுக்கு எழுதி வைத்திருந்தான். சட்டப்படி மணம் செய்யாத பெண், ஐரோப்பியரும் அல்ல. சொத்து அவர் கையில் தங்கவில்லை. அவர்கள் மகன் வில்லியம் லைட்தான் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்கு இடம் தேர்ந்து வரைபடம் போட்டவர்.

தோட்டம் கைமாறி டபிள்யூ. ஈ. பிலிப்ஸ் என்ற கம்பெனி அதிகாரியிடம் வந்தது. சுங்கத் துறையில் தொடங்கி, பினாங்கின் ஆளுநர் வரை உயர்ந்தவர். 1805-இல் பினாங்கை மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய்க்குச் சமமாக நான்காவது மாகாணமாக்கியிருந்தார்கள். மாகாணம் என்றால் மாளிகை வேண்டாமா? கீற்று வீடு இருந்த தோட்டத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டடுக்கு வீடு எழுந்தது. சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர், சுற்றிலும் தாழ்வாரம், மாடியில் நாட்டியக் கூடம், ஆற்றைப் பார்த்த புல்வெளி. மெட்ராஸில் இறங்கி நாலு நாள் சுற்றிய எவனுக்கும் இது தெரிந்த முகம். 1817-இல் ஆளுநராக வந்த கர்னல் ஜான் அலெக்சாண்டர் பானர்மேன் மெட்ராஸ் படையிலேயே வளர்ந்தவர்; அடுத்த ஆண்டே அவர் மகளை பிலிப்ஸ் மணந்துகொண்டார். 1819-இல் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி ஏற்றியபோது அவருக்கும் பானர்மேனுக்கும் மூண்ட சண்டையின் காகிதப்போர் இந்த வீட்டு வட்டாரத்தில்தான் நடந்தது. சண்டை முடியுமுன் அதே ஆண்டில் பானர்மேன் காலராவில் போய்விட்டார்.

சரி, நம் ஆட்கள் எங்கே? லைட்டே 1794-இல் எழுதியிருக்கிறான்: சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் தீவில் குடியிருக்கிறார்கள், அதுபோக ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் கப்பலில் வந்து, வியாபாரமும் கூலி வேலையும் செய்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் போனதும் அடுத்த கூட்டம் வருகிறது. இன்றைக்கும் ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு இருக்கிறது. 1801-இல் காதர் முகைதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில் குயின் தெருவில் இருக்கிறது. பிற்காலத்தில் ‘ரஜூலா’ கப்பல் மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு ஓடியதை, ராயபுரத்துப் பெரியவர்கள் இன்னமும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். வழி புதிதல்ல, லைட் காலத்துப் பாய்மரக் கப்பல் போட்ட தடம்தான்.

சஃபோல்க் ஹவுஸ் கொஞ்ச காலம் ஆளுநர் மாளிகையாக இருந்தது. மிளகு விலை விழுந்தது, மாகாணத்தின் மவுசு சிங்கப்பூர் பக்கம் போயிற்று, வீடு பல கைகள் மாறியது. நூறாண்டு இப்படியே போக, அதில் எழுத அதிகமில்லை. விஷயம் 1928-இல் தொடங்குகிறது. மெதடிஸ்ட் திருச்சபை இந்த வீட்டையும் நிலத்தையும் லிம் செங் டேக் என்ற சீனச் செல்வந்தரிடமிருந்து வாங்கியது. நோக்கம் பள்ளிக்கூடம்.

1891-இல் சிறிதாகத் தொடங்கிய ஆங்கிலோ-சைனீஸ் பள்ளிதான், பின்னாளில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி ஆனது. ஆளுநர் விருந்து கொடுத்த கூடத்தில் பையன்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் திரும்பவும் பள்ளி. வளாகத்தில் புதுக் கட்டடங்கள் வந்த பிறகும் பழைய மாளிகையை ஒதுக்கிவிடவில்லை. ஒரு பகுதி பல் மருத்துவமனையாக இருந்தது. ஒரு பகுதி பள்ளிக் கேன்டீன்.

பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கட்டத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ராஃபிள்ஸ் நடந்த மாடியைப் பற்றி நாலு பத்தி, கேன்டீனைப் பற்றி அரை வரி, அதுவும் ‘அவமதிப்பு’ என்ற தொனியில். நான் தலைகீழாகப் பார்க்கிறேன். அந்த வீட்டின் வாழ்நாளிலேயே அதிகம் பேர் நுழைந்த காலம் அதுதான். சீனப் பையன், மலாய்ப் பையன், தமிழ்ப் பையன் என்று எல்லோரும் மதிய இடைவேளையில் ஓடிவந்து வரிசையில் நின்ற இடம். பல் பிடுங்கிக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி இறங்கிய படி. ஆளுநர் காலத்தில் அவர்களில் எவன் அப்பனும் சமையல்கட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டான். பிற்பாடு அந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பினாங்கில் குரல் எழுந்தபோது அது பல பேருக்குச் சொந்த விஷயமாக இருந்ததற்கு, ராஃபிள்ஸ் அல்ல, கேன்டீனே காரணம் என்று நான் நம்புகிறேன்.

1975-இல் கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொல்லிப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம். கூரை போயிற்று. வெப்பமண்டல மழை நேராக உள்ளே இறங்கியது. சுவரில் மரம் முளைத்தது. சுண்ணாம்புச் சுவர் நனைந்தாலும் காற்றோட்டம் இருந்தால் தானே உலர்ந்துகொள்ளும். அதற்கு மூச்சு உண்டு. மேலே கூரை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஊறினால் உள்ளிருக்கும் சாந்து கரைந்து, செங்கல் செங்கலாகக் கழன்றுவிடும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்துச் சுவரை உள்ளிருந்தே தின்னும். நம் ஊர்க் கோயில் மதிலுக்கும் பழைய சத்திரத்துக்கும் சிமென்ட் அப்பிய புண்ணியவான்கள் செய்தது இதைத்தான்.

மலேசியாவில் எஞ்சியிருந்த ஆங்கிலோ-இந்தியத் தோட்ட மாளிகை இது ஒன்றுதான் என்பதால் பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளையும் மலேசியப் பாரம்பரிய அறக்கட்டளையும் விடாமல் மல்லுக்கட்டின. இடம் திருச்சபையுடையது, செலவு யாருடையது என்ற இழுபறி ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் மாநில அரசு மாற்று நிலம் கொடுத்து வீட்டைத் தன் பேருக்கு வாங்கிக்கொண்டது. 2000-இல் தொடங்கிய சீரமைப்பு 2007-இல் முடிந்தது. கடைசிக் கட்டத்துக்கு எச்.எஸ்.பி.சி. வங்கி 25 லட்சம் ரிங்கிட் கொடுத்தது. கூரை புதிதாக ஏறியது. சுவருக்குச் சுண்ணாம்பு திரும்பி வந்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது.

வேலை அருமை, மறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு வழக்கு இருக்கிறது. சீரமைத்த மாளிகை உணவகமாகவும், கல்யாணம், விருந்து நடத்தும் கூடமாகவும் மாறியது. சுற்றிப் பார்க்க விடுகிறார்கள், உண்மை. கட்டடத்தைப் பராமரிக்க வரும்படி வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கிற விலை, ஒருகாலத்தில் அங்கே கேன்டீன் வரிசையில் நின்ற பையனின் வீட்டுக்குக் கட்டுபடியாகுமா? வீடு ஆளுநர் காலத்து அழகுக்குத் திரும்பியபோது, ஆளுநர் காலத்து வாசல் காவலும் கொஞ்சம் கூடவே திரும்பிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்குண்டு. பக்கத்திலேயே பள்ளி இன்னும் நடப்பது ஆறுதல்.

தூரத்து வீட்டைக் குறை சொல்லிவிட்டு நம் வாசலைப் பார்க்காமல் இருந்தால் நியாயமில்லை. வடசென்னையில் சீரமைத்த காலனியக் கட்டடம் என்று சொல்லிக்கொள்ள ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856-இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்து, வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. பல்லாண்டு பாழடைந்து கிடந்ததை 2005-இல் புதுப்பித்தார்கள். தூணெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் ரயில் ஏறுகிறவனுக்கு நடைமேடை வேறு பக்கம். ராயபுரத்துக்காரனுக்கு அந்தக் கூடத்துக்குள் போக ஒரு காரணம் வேண்டும். ஒரு நூலகமோ, மாலை வகுப்போ, மீனவர் சங்கக் கூட்டமோ, ஒரு டீக்கடையோகூடப் போதும். அது கிடைக்காதவரை எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அது வெளியிலிருந்து படம் எடுக்கிற கட்டடம்தான்.

நம் பக்கம் இன்னும் மிச்சம் இருப்பவை மாளிகைகள் அல்ல. உப்பளக் கரையில் நின்ற சர்க்கார் கட்டடங்கள், கால்வாய் மதகு, பழைய பள்ளிக்கூடம், யாரோ துரை தங்கினார் என்று சொல்லப்படும் இடிந்த சுவர் இப்படிச் சில்லறையாகத்தான் இருக்கும். துறைமுகச் சாலை அகலமாகும்போதும் சாம்பல் குழாய் புதிதாகப் பதிக்கும்போதும் முதலில் போவது இவைதான். போவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வைக்க வேண்டாமா?

அத்திப்பட்டு, எண்ணூர், காட்டுப்பள்ளி, வல்லூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் எண்ணூர் பங்களாக்களின் பழைய புகைப்படம், உப்பளக் கூலிச் சீட்டு, கால்வாய்ப் படகுக் கணக்கு ஏதாவது இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அசல் வேண்டாம், நகல் போதும். பங்களாவில் தோட்டக்காரராகவோ சமையல்காரராகவோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். துரை பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் தாத்தா பெயரைக் குறிப்பிட மறக்காதீர்கள். அடுத்த இதழில் காக்ரேன் கால்வாயில் உப்புப் படகு ஏறுகிறோம்.